கப்பல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

கப்பல் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது வேறொரு கேள்வி. கரையில் வாழும் நமக்கு இரண்டாவது கேள்வியின் கனம் சட்டென்று உறைக்காது. சக்கரம் வைத்த வண்டி எதுவும் தான் பார்க்கும் பக்கம்தான் போகும். எனவே போகும் திசை தெரிந்தால் பார்க்கும் திசையும் தெரிந்துவிடும். கடலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே காற்று தள்ளும், நீரோட்டம் இழுக்கும்.

ஒரு கப்பல் தன் முன்முனையான அணியத்தை நேர் வடக்கே வைத்து 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி 3 நாட் வேகத்தில் நீரோட்டம் இருக்கிறது. கப்பல் வடக்கே பார்த்தபடியேதான் இருக்கும். ஆனால் அதன் தடம் வடக்கிலிருந்து ஏறக்குறைய 17 பாகை கிழக்கே விலகிப் போகும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர், பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். அணியம் பார்க்கும் திசையைக் கப்பல்காரர்கள் ஹெடிங் என்பார்கள். கப்பல் உண்மையில் போகும் தடத்துக்கு கோர்ஸ் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பதினேழு பாகையைச் சமாளிப்பதுதான் மாலுமியின் வேலையில் பாதி.

ஜி.பி.எஸ். கருவி ஒன்று நம் இருப்பிடத்தைச் சொல்லும், வேகத்தைச் சொல்லும், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதையும் சொல்லும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. புள்ளிக்கு இடம் உண்டு, முகம் கிடையாது. நாகப்பட்டினத்துக்கோ ராமேசுவரத்துக்கோ வெளியே வலையை இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தியிருக்கும் விசைப்படகில், ஜி.பி.எஸ். திரையில் படகைக் குறிக்கும் அம்புக்குறி நிலைகொள்ளாமல் சுழலும். படகு அவ்வளவு வேகமாகத் திரும்புவதில்லை. நகர்ச்சையை வைத்தே திசையைக் கணக்கிடும் கருவிக்கு, நகர்ச்சை நின்றதும் பிடிமானம் போய்விடுகிறது.

திசை மிக அவசியமாகத் தேவைப்படுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில்தான். 300 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் துறைமுகச் சுவரை ஒட்டி வரும்போது அதன் வேகம் ஒரு நாட் அளவுக்கும் குறைவு. இழுவைப் படகுகள் அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும். ஹெடிங் ஒரு பக்கம், கோர்ஸ் அதற்குச் செங்குத்தாக இன்னொரு பக்கம். அந்த நேரத்தில் கப்பல் ஒரே ஒரு பாகை திரும்பினாலும், அணியத்தை வைத்துப் பார்க்கையில் பின்முனை ஐந்து மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ரேடாருக்கும் ஹெடிங் வேண்டும். ஆறு கடல் மைல் தொலைவில் தெரியும் மற்றொரு கப்பலை, ஹெடிங்கில் ஒரு பாகை தவறு இருந்தால், ரேடார் திரை அதன் உண்மையான இடத்திலிருந்து 190 மீட்டர் தள்ளிக் காட்டும். எதிரே வருபவர் நம் வலப்பக்கம் கடப்பாரா, இடப்பக்கம் கடப்பாரா என்ற முடிவு அந்த 190 மீட்டருக்குள் மாறிப்போகலாம்.

ஹெடிங் மட்டும் இருந்து இருப்பிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995இல் நடந்த ஒரு விபத்து சாட்சி. ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆண்டெனாவின் கேபிள் கழன்றுகொண்டது. கருவி அணைந்துவிடவில்லை. ஜைரோ என்ற திசைகாட்டி சொன்ன ஹெடிங்கையும் வேகமானி சொன்ன வேகத்தையும் வைத்து, கப்பல் இந்நேரம் இங்கே இருக்கும் என்று தானே கணக்குப் போட்டு இருப்பிடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. காற்றும் நீரோட்டமும் அந்தக் கணக்கில் இல்லை. கருவி தன் நிலை மாறியதைத் திரையில் சிறிய எழுத்தில் காட்டியது; யார் கண்ணிலும் படவில்லை. ஏறக்குறைய 34 மணி நேரம் கழித்து, ஜூன் 10ஆம் தேதி இரவு, ஆயிரத்து ஐந்நூறு பேரோடு அந்தக் கப்பல் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் ஏறி நின்றது. அதிகாரிகள் நினைத்திருந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் 17 மைல் வித்தியாசம். யாருக்கும் காயமில்லை என்பது பெரும் ஆறுதல். ஹெடிங் கடைசிவரை சரியாகவே இருந்தது.

திசையை அறிய மனிதர் முதலில் நம்பியது காந்த ஊசியை. அது காட்டுவது காந்த வடக்கை. உண்மையான வடக்கு வேறு. காந்த வடமுனை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் வடகோடியில் கண்டுபிடித்தார். இன்று அது ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. கப்பல்களை இரும்பில் கட்டத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் சேர்ந்தது: கப்பலே ஒரு காந்தம். 1838இல் ரெயின்போ என்ற இரும்புக் கப்பலில் சோதனை செய்த வானியலாளர் ஜார்ஜ் ஏரி, திசைகாட்டியைச் சுற்றிக் காந்தத் துண்டுகளையும் இரும்பையும் கணக்காக வைத்து அந்தப் பிழையைச் சரிக்கட்ட வழி சொன்னார். இன்றைக்கும் கப்பலின் திசைகாட்டி மேடைக்கு இருபுறமும் இரண்டு இரும்பு உருண்டைகள் இருப்பதைப் பார்க்கலாம். அவை அந்த வழியில் வந்தவை.

அடுத்து வந்தது ஜைரோ. ஜெர்மானியரான ஹெர்மன் அன்ஷூட்ஸ்-கேம்ப்ஃபே கலை வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர். நீர்மூழ்கிக் கப்பலில் பனிக்கட்டிக்கு அடியில் புகுந்து வடதுருவத்தை அடைய வேண்டும் என்பது அவர் ஆசை. இரும்புக் கூட்டுக்குள், துருவத்துக்கு அருகில், காந்த ஊசி உதவாது. எனவே வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட சக்கரத்தைத் தக்கபடி தொங்கவிட்டால், பூமியின் சுழற்சியே அதன் அச்சை மெல்ல மெல்ல உண்மையான வடக்குக்குத் திருப்பிவிடும். 1908 வாக்கில் கப்பலில் வைத்துச் சோதிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அமெரிக்காவில் எல்மர் ஸ்பெர்ரி அதே போன்ற கருவியைச் செய்தபோது காப்புரிமை வழக்கு எழுந்தது. அதில் நீதிமன்றத்தின் நிபுணராக வந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். நூறாண்டுக்கு மேலாகப் பெரிய கப்பல்களை வழிநடத்தி வருவது இந்த ஜைரோதான். அருமையான கருவி, ஆனால் அது நிலைகொள்ளச் சில மணி நேரம் பிடிக்கும், சுழலும் பாகங்கள் தேயும், விலையும் அதிகம். பூமியின் சுழற்சியிலிருந்து கிடைக்கும் பிடிப்பு துருவத்தை நெருங்க நெருங்கக் குறையும். எந்தத் துருவத்துக்காக அன்ஷூட்ஸ் அதைப் படைத்தாரோ அந்தத் துருவத்தில் அதற்கு வடக்கு தெரியாது.

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தக் கோள்கள் எல்லாம் முதன்மையாக எங்கே என்ற கேள்விக்காகக் கட்டப்பட்டவை. அவற்றிடமிருந்து எந்தப் பக்கம் என்ற கேள்விக்கும் விடை வாங்க முடியுமா?

முடியும் என்று சொல்வது சுலபம். ஒரு புள்ளிக்கு முகம் இல்லையென்றால் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அணியத்தில் ஓர் ஆண்டெனா, பின்முனையில் ஓர் ஆண்டெனா. இரண்டின் இடமும் தெரிந்தால் அவற்றை இணைக்கும் கோட்டின் திசை தெரியும், அதுதான் ஹெடிங். ஆனால் சாதாரண ஜி.பி.எஸ். இருப்பிடத்தில் மூன்று மீட்டர் அளவுக்குப் பிழை இருப்பது இயல்பு. இங்கே கொத்தனார் கட்டும் நூலை நினைத்துக்கொண்டால் போதும். கடைக்கால் போடும்போது இரண்டு முளைகளுக்கு நடுவே நூல் கட்டுவார். ஒரு முளை இரண்டு விரற்கடை தள்ளிப்போனால், நூறடி மதிலில் அந்தக் கோணல் யார் கண்ணுக்கும் தெரியாது. நாலடித் திண்ணையில் அப்பட்டமாகத் தெரியும். பிழை ஒன்றுதான், நூலின் நீளம் குறையக் குறையக் கோணல் கூடுகிறது. மூன்று மீட்டர் பிழையை வைத்துக்கொண்டு ஒரு பாகைத் துல்லியம் வேண்டுமானால் ஆண்டெனாக்கள் 170 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எண்பதடி மீன்பிடிப் படகில் அதற்கு எங்கே போவது? ஆனாலும் கடையில் கிடைக்கும் செயற்கைக்கோள் திசைகாட்டிகளில் ஆண்டெனாக்களின் இடைவெளி அரை மீட்டரோ ஒரு மீட்டரோதான். அவை அரைப் பாகைத் துல்லியத்தில் திசை சொல்கின்றன. கப்பல் அசையாமல் நின்றாலும் சொல்கின்றன.

எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள, அந்த மூன்று மீட்டர் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோளின் கடிகாரத்தில் சிறு பிசகு. அதன் சுற்றுப்பாதைக் கணக்கில் சிறு பிசகு. வழியில் அயனிமண்டலம் அலையைத் தாமதப்படுத்துவதால் ஒரு பிசகு. ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஆண்டெனாக்களுக்கும் இந்தப் பிசகுகள் எல்லாம் ஒன்றே. இருபதாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வரும் அலை, கடைசி ஒரு மீட்டரில்தான் இரண்டாகப் பிரிந்து இரு ஆண்டெனாக்களைத் தொடுகிறது. இரண்டு அளவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் பொதுவான பிசகுகள் தாமே ஒழிந்துபோகும். மிஞ்சுவது கடைசி ஒரு மீட்டரில் நடந்தது மட்டும். தான் நிற்கும் இடத்தை மூன்று மீட்டர் தவறாகச் சொல்லும் அதே கருவி, தன் இரு முனைகளுக்கும் உள்ள வேறுபாட்டை மில்லிமீட்டரில் சொல்கிறது. ஜி.பி.எஸ். பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

மில்லிமீட்டர் என்றது மிகையில்லை. செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞையில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே ஒரு சங்கேத வரிசை. அதன் ஒவ்வொரு துணுக்கும் வானில் ஏறக்குறைய 293 மீட்டர் நீளம். அந்தச் சங்கேதத்தைச் சுமந்து வருவது 1575.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலை. அதன் அலைநீளம் 19 சென்டிமீட்டர். நல்ல ரிசீவர் எதையும் நூறில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். சங்கேதத்தில் நூறில் ஒரு பங்கு என்றால் மூன்று மீட்டர். ஊர்தி அலையில் நூறில் ஒரு பங்கு என்றால் இரண்டு மில்லிமீட்டர். இத்தனைக்கும் தரையை வந்து சேரும் அந்த அலையின் திறன், ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்; அவ்வளவுதான். வெட்டவெளியின் ரேடியோ இரைச்சலுக்கு அடியில் அமுங்கிக் கிடப்பதைத் தேடி எடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தை இரண்டு மில்லிமீட்டருக்குப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதைக் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. கப்பலை ஓட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரைமேல் கப்பலின் நீளவாக்கில் ஒரு சட்டம், அதன் இரு நுனியிலும் ஆண்டெனா, இடைவெளி சரியாக ஒரு மீட்டர். கப்பல் இப்போதைக்கு ஆடாமல் இருக்கட்டும். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில், அணியத்துக்கு 60 பாகை வலப்புறம், ஒரு செயற்கைக்கோள். அங்கிருந்து சரிந்து வரும் அலை முதலில் முன் ஆண்டெனாவைத் தொடும். பின் ஆண்டெனாவை எட்ட இன்னும் 43.3 சென்டிமீட்டர் போக வேண்டும். அலைநீளத்தில் சொன்னால் இது 2.275. அதாவது இரண்டு முழு அலை, அதற்கு மேல் கால் அலைக்குச் சற்று அதிகம். ரிசீவருக்குத் தெரிவது அந்த 0.275 மட்டுமே. முழு அலை எத்தனை நடுவில் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஓர் அலை அச்சு அசல் அடுத்த அலையைப் போலவே இருக்கும், எண் எதுவும் எழுதியிருக்காது.

எனவே எல்லா வாய்ப்புகளையும் எழுத வேண்டியதுதான். 30 பாகை உயரத்தில் உள்ள கோளுக்கு, ஒரு மீட்டர் சட்டத்தில் வித்தியாசம் நாலரை அலைநீளத்தைச் சற்றுத் தாண்டலாம், அதற்கு மேல் போகாது. முன் ஆண்டெனா முந்துகிறது என்றால் 0.275, 1.275, 2.275, 3.275, 4.275 என்று ஐந்து வாய்ப்பு. பின் ஆண்டெனா முந்துகிறது என்றால் 0.725, 1.725, 2.725, 3.725 என்று நான்கு. ஆக ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் கோளுக்கு இடப்புறம் ஒரு திசை, வலப்புறம் ஒரு திசை. ஒரே ஒரு கோளைக் கேட்டால் கப்பல் பதினெட்டுத் திசைகளில் ஏதோ ஒன்றைப் பார்க்கிறது என்ற பதில்தான் வரும். பதினெட்டும் மில்லிமீட்டர் சுத்தம், அதில் பதினேழு பொய்.

இரண்டாவது கோளைக் கேட்டால் அதுவும் தன் பங்குக்கு ஒரு பட்டியல் தரும். அந்தப் பட்டியலும் முதல் பட்டியலும் ஒத்துப்போகும் இடத்தில்தான் உண்மை இருக்கும். ஆனால் இரைச்சலால் ஒவ்வொரு அளவும் சற்றே மங்கியிருப்பதால், தற்செயலாக ஏறக்குறைய ஒத்துப்போகும் பொய்த் திசைகளும் கிடைக்கும். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கேட்கக் கேட்கப் பொய்கள் ஒவ்வொன்றாக உதிரும். உண்மையில் கப்பல் ஆடும். சட்டம் மட்டமாக இருக்காது. இரண்டு ஆண்டெனாக்களின் மின்சுற்றுகளுக்கும் இடையே சிறு காலப் பிசகு இருக்கும், அதை ஒழிக்க ஒரு கோளின் அளவிலிருந்து இன்னொரு கோளின் அளவை மறுபடி கழிக்க வேண்டும். தேட வேண்டிய சேர்க்கைகள் மளமளவென்று பெருகும். ஆறு கோளுக்கு ஒன்பது ஒன்பதாக வைத்தாலே ஐந்து லட்சத்தைத் தாண்டும். கப்பல் திரும்புவதற்குள் விடை வேண்டும்.

இங்கேதான் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் டெனிசனுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1990களில் அவர் வகுத்த லாம்டா என்ற கணித முறை, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இந்த முழு எண்களை முதலில் சிக்கெடுத்துவிட்டுப் பிறகு தேடுகிறது. சிக்கலான கூளத்தில் லட்சக்கணக்கில் துழாவ வேண்டிய இடத்தில், விரல்விட்டு எண்ணும் அளவு வாய்ப்புகளைப் பார்த்தால் போதும். நில அளவையாளர்களுக்கு சென்டிமீட்டர் துல்லியம் வாங்கித் தந்த அதே முறையைத் திசைகாட்டியிலும் பயன்படுத்தலாம். திசைகாட்டிக்கு இன்னொரு வசதியும் உண்டு. சட்டத்தின் நீளம் நமக்குத் தெரியும். எந்த விடை சட்டத்தை 90 சென்டிமீட்டர் என்றோ 120 சென்டிமீட்டர் என்றோ காட்டுகிறதோ, அந்த விடையை யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடலாம். ஓர் இரும்புச் சட்டத்தின் நீளம் தெரிந்திருப்பது இவ்வளவு பெரிய உதவியாக இருக்கும் என்று முதலில் தோன்றாது.

ஆண்டெனாக்களை நெருக்கி வைத்தால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று கேட்கலாம். சரிதான். இடைவெளி அரை அலைநீளத்துக்கும் குறைவாக, ஒன்பது சென்டிமீட்டர் அளவில் இருந்தால் முழு அலைக் குழப்பம் அறவே இல்லை. ஆனால் அப்போது நூல் மிகக் குட்டையாகிவிடும். இரண்டு மில்லிமீட்டர் பிழையே ஒரு பாகைக்கு மேல் கோணலாக்கிவிடும். இடைவெளி கூடினால் துல்லியம் கூடும், குழப்பமும் கூடும். கடலடித் தரையை ஒலியால் வரையும் ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு பாகையில் சிறு பின்னம்கூட முக்கியம். அவற்றில் ஆண்டெனாக்களைப் பல மீட்டர் தள்ளிப் பொருத்துவார்கள். சாதாரணப் படகுக்கு அரை மீட்டர் போதும். மூன்று ஆண்டெனாக்களை முக்கோணமாக வைத்தால் ஹெடிங்கோடு கப்பலின் முன்பின் ஆட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் சேர்ந்தே கிடைக்கும்.

கிடைக்கும் திசை நேராக உண்மையான வடக்கிலிருந்து அளந்ததாக இருப்பது இன்னொரு நன்மை. ஒவ்வொரு கோளும் இந்தக் கணத்தில் வானத்தில் எங்கே நிற்கிறது என்பதை ரிசீவர் அறியும். நம் இருப்பிடத்தில் உள்ள மூன்று மீட்டர் பிழை அந்தத் திசையை ஒரு பாகையில் லட்சத்தில் ஒரு பங்குகூட மாற்றாது. கோள் அவ்வளவு தொலைவு. ஆகவே காந்தப் பிசகு இல்லை, கப்பலின் இரும்பு ஒரு பொருட்டில்லை, சுழலும் சக்கரம் இல்லை. சுவிட்சைப் போட்டால் சில நிமிடத்தில் திசை வந்துவிடும். ஜி.பி.எஸ்.ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கும் கருவிகள் இப்போது உண்டு. இந்தியாவின் நாவிக் கோள்கள் பயன்படுத்தும் 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபத்தைந்தரை சென்டிமீட்டர். அதற்கும் இதே கணக்குப் பொருந்தும்.

கப்பலுக்கு மட்டும் உரியதில்லை இந்த வித்தை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிளார்க் கோஹன் 1992இல் தந்த முனைவர் பட்ட ஆய்வு, ஜி.பி.எஸ். அலைகளை வைத்து ஒரு பொருள் எப்படித் திரும்பி, எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்று அறிவதைப் பற்றியது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் மையச் சட்டகத்தில் நான்கு ஜி.பி.எஸ். ஆண்டெனாக்கள் இருக்கின்றன. பூமியிலிருந்து நானூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அந்த நிலையம், தன்னைவிட ஐம்பது மடங்கு உயரத்தில் சுற்றும் கோள்களைக் கேட்டுத் தான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று தெரிந்துகொள்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். ஆண்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும். பாய்மரம், புகைபோக்கி, ரேடார் கம்பம், துறைமுகத்தின் கிரேன் எல்லாம் சில கோள்களை மறைக்கும். மறைப்பதைவிடத் தொல்லை, அலையைத் திருப்பி அடிப்பது. நேரே வந்த அலையோடு இரும்பில் பட்டுத் திரும்பிய அலையும் கலந்தால் அந்த இரண்டு மில்லிமீட்டர் சுத்தம் போய்விடும். இரு ஆண்டெனாக்களுக்கும் இந்தக் கலப்பு ஒன்றுபோல இருக்காது என்பதால் கழித்தாலும் தீராது. இதனால்தான் கருவியைக் கப்பலின் மிக உயர்ந்த, திறந்த இடத்தில் பொருத்தச் சொல்கிறார்கள். பாலத்துக்கு அடியில் போகும் சிறிது நேரத்தைச் சமாளிக்க, பெட்டிக்குள்ளேயே திருப்பத்தை உணரும் சிறு சில்லுகள் இருக்கும். அவை கொஞ்ச நேரம் ஹெடிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸ் இந்தக் கருவிக்கு ஓர் இடம் தந்திருக்கிறது, எல்லா இடத்தையும் தரவில்லை. 300 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ரேடாருக்கும், அருகிலுள்ள கப்பல்களுக்குத் தன்னைத் தானே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ்.ஸுக்கும் ஹெடிங் அனுப்பும் கருவி ஒன்று இருந்தாக வேண்டும். அது செயற்கைக்கோள் திசைகாட்டியாக இருக்கலாம். 500 கிராஸ் டன்னிலிருந்து ஜைரோவோ அதற்கு ஈடான காந்தமல்லாத கருவியோ கட்டாயம். மின்சாரம் எதுவும் தேவைப்படாத காந்தத் திசைகாட்டியோ அதற்கு ஈடான ஒன்றோ சிறியது, பெரியது என்ற பேதமின்றி எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை சரியானது என்றே நினைக்கிறேன். 2008இல் பிரிட்டனின் கலங்கரை விளக்க ஆணையங்கள், ஃபிளாம்பரோ முனைக்கு அருகே போல் ஸ்டார் என்ற தங்கள் கப்பலை வேண்டுமென்றே ஜி.பி.எஸ். தடுப்பு அலைக்குள் ஓட்டிப் பார்த்தன. வீல்ஹவுஸில் ஒன்றன்பின் ஒன்றாக அபாய மணிகள் அடித்தன. இருப்பிடம் மட்டும் போகவில்லை, ஏ.ஐ.எஸ்., அவசரத் தொடர்பு, ஜைரோவின் பிழைதிருத்தம் எல்லாமே எங்கோ உள்ளுக்குள் ஜி.பி.எஸ்.ஸைச் சார்ந்திருந்தது அப்போது வெளிப்பட்டது. எங்கே என்பதற்கும் எந்தப் பக்கம் என்பதற்கும் ஒரே ஊற்றிலிருந்து விடை வாங்கும் கப்பலில், அந்த ஊற்று அடைபட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தடுப்பதைவிட ஆபத்து, பொய் சொல்வது. 2013 ஜூனில் வைட் ரோஸ் ஆஃப் டிராக்ஸ் என்ற 65 மீட்டர் உல்லாசக் கப்பலில், உரிமையாளரின் அனுமதியோடு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ப்ரீஸ் குழு ஒரு சோதனை செய்தது. மத்தியதரைக் கடலில் இத்தாலிக் கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது, மேல்தளத்தில் நின்றபடி ஒரு சிறு பெட்டியிலிருந்து போலி ஜி.பி.எஸ். அலைகளை அனுப்பினார்கள். உண்மையான அலையோடு இழைந்து, பிறகு அதை மெல்ல அமுக்கி மேலேறிக்கொண்ட அந்தப் போலியைக் கருவி சந்தேகிக்கவே இல்லை. கப்பல் தடம் விலகிவிட்டதாகத் திரை காட்டியது. மாலுமிகள் சுக்கானைத் திருப்பிச் சரிசெய்தார்கள். திரையில் தடம் நேர்கோடாக இருந்தது. பின்னால் நீரில் கப்பல் கிழித்த தடம் வளைந்திருந்தது.

அடுத்த ஆண்டு அதே கப்பலில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்க் சியாகி, இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியைச் சோதித்தார். அதில் இருந்தது இரண்டு ஆண்டெனாக்கள். பார்த்தது அவற்றுக்கிடையே ஊர்தி அலையில் உள்ள வித்தியாசம். உண்மையான வானத்தில் ஒவ்வொரு கோளும் ஒவ்வொரு திசையில் நிற்கும். எனவே இரு ஆண்டெனாக்களுக்கிடையேயான வித்தியாசம் கோளுக்குக் கோள் மாறும், ஒன்றுக்கு 2.275, இன்னொன்றுக்கு 0.6, மற்றொன்றுக்கு பின்பக்கமாக 3.1 என்று. போலிப் பெட்டி எத்தனை கோள்களின் குரலை வேண்டுமானாலும் பாவனை செய்யலாம், ஆனால் எல்லாக் குரலும் அதன் ஒரே ஆண்டெனாவிலிருந்து, ஒரே திசையிலிருந்து வருகின்றன. எல்லாக் கோளுக்கும் ஒரே வித்தியாசம். அந்த ஒரே வித்தியாசத்தைத் திசைகாட்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தால், கோளுக்குக் கோள் கழிக்கும் இடத்தில் எல்லாம் பூஜ்யமாகி, இரண்டு ஆண்டெனாக்களும் ஒரே புள்ளியில் இருப்பதாக விடை வரும். ஒரு மீட்டர் சட்டத்தின் இரு முனையிலும் போல்ட் போட்டு இறுக்கியவை அப்படி இருக்க வழியில்லை. அது தெரிந்ததும் கருவி எச்சரிக்கை தரலாம், மாலுமிகள் ஜி.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டு ரேடாரையும் ஜைரோவையும் பார்த்துக் கப்பலை ஓட்டலாம்.